பெட்டா மீனுக்குக் கிண்ணம் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் செல்லப்பிராணிகள் பக்கத்தில் வந்த பெட்டா மீன் (சண்டை மீன்) கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதில் குறையில்லை. ஆனால் முதல்முறை மீன் வாங்குகிறவர்களுக்காக எழுதிய கட்டுரையில், இது காற்றைச் சுவாசிக்கும் மீன், அதனால் மேசை மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணமே போதும், ஃபில்டர்கூட வேண்டாம் என்று சொல்லியிருப்பதை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் பலர் வாங்கிய சில வாரங்களிலேயே மீனை இழக்கிறார்கள்.

செவுளுக்கு மேலே லாபிரிந்த் என்ற ஓர் உறுப்பு இருப்பதால் பெட்டா நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி அதிலிருந்தும் ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளும், சரி. தாய்லாந்தின் நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் தேங்கி நிற்கும் நீரில் தாக்குப்பிடிக்க இயற்கை கொடுத்த வசதி அது. (அந்த நாடு 2019-இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காகவே அறிவித்துவிட்டது.) ஆனால் அந்த நீர் ஆழம் குறைவே தவிர பரப்பு குறைவில்லை, செடியும் சருகுமாக விரிந்து கிடக்கும். கிண்ணத்தில் நடப்பது வேறு. மீன் வெளியேற்றும் கழிவும் மிச்சத் தீனியும் அமோனியாவாக மாறி, வெளியே போக வழியில்லாமல் அந்த இரண்டு லிட்டர் தண்ணீரிலேயே ஏறிக்கொண்டு போகும், செவுளைப் புண்ணாக்கும். லாபிரிந்த் இதற்கு ஒரு உதவியும் செய்யாது. ஜன்னல் வழியாக நல்ல காற்று வருகிறதே என்று ஒருவரைச் சாக்கடைக்குள் குடிவைப்போமா?

குறைந்தது 10 லிட்டர், முடிந்தால் 20 லிட்டர் தொட்டி வேண்டும். சிறிய தொட்டி என்றால் வேலை குறைவு என்று நினைப்பவர்கள் அதிகம், உண்மையில் தண்ணீர் குறையக் குறையத்தான் அது சீக்கிரம் கெட்டு நம் வேலை கூடும். அதைவிட முக்கியம், கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம், தொட்டியை முன்கூட்டியே தயார் செய்வது. அமோனியாவை நைட்ரைட்டாகவும் (அதுவும் மீனுக்கு நஞ்சுதான்) அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற வேண்டும், அதற்கு சாதாரணமாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும், அந்த நாட்களில் அவற்றுக்கு உணவாகத் துளி அமோனியா சேர்த்துக்கொண்டே வர வேண்டும், வெறும் தண்ணீரை ஓடவிட்டால் ஒன்றும் வளராது. நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொஞ்சம் ஸ்பாஞ்ச் கேட்டு வாங்கிப் போட்டால் காலம் குறையும். தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீனை விடலாம். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரிவதை நம்பாதீர்கள், அமோனியா கண்ணுக்குத் தெரியாது.

ஏற்கெனவே மீன் வீட்டுக்கு வந்துவிட்டது, தொட்டி தயாரில்லை என்றால்? பதற வேண்டாம். தினமும் டெஸ்ட் செய்து, அமோனியா தலைகாட்டினால் கால் பங்கிலிருந்து பாதி வரை தண்ணீரை மாற்றுங்கள், தீனியைக் குறையுங்கள். மாற்றும் தண்ணீரில் குளோரினை முறிக்கும் ஆன்ட்டி குளோரின் மருந்து கட்டாயம். ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்பது சரிதான், ஆனால் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் அப்படி வைத்து அதைப் போக்க முடியும் என்று நம்ப முடியாது.

வந்த முதல் நாள் மீனைக் கொஞ்சம் தனியாக விடுங்கள். தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, மீன் வந்த பையை மூடியபடியே தொட்டித் தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிட்டு, அப்புறம் பையைத் திறந்து தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில் மீனை மட்டும் ஒரு சிறிய கோப்பையில் அள்ளி விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. அன்றைக்குத் தீனி வேண்டாம். நிறம் மங்கி, மூலையில் ஒளிந்து, சில சமயம் இலை மேல் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும், செத்துவிட்டதோ என்று குழந்தைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள், அதைத் தடுப்பதுதான் அன்றைய பெரிய வேலை. ஓய்வெடுக்கும்போது இப்படிக் கிடப்பது இந்த மீனின் வழக்கம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தானே வெளியே வந்து நம்மை வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிடும்.

வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ். அறை அதற்குக் கீழே குளிர்ந்தால் ஹீட்டர் வேண்டும், பகலில் ஒரு சூடு இரவில் ஒரு சூடு என்று ஏறி இறங்குவதுதான் அதிகத் தொல்லை. தொட்டிக்கு மூடியும் தேவை, பெட்டா நன்றாகத் துள்ளும். ஆனால் மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே அது காற்றெடுக்க இடைவெளி விட மறந்துவிடாதீர்கள்.

தீனி விஷயத்தில் கட்டுரை சொன்ன 'காலை மாலை ஒரு சிட்டிகை' எனக்குப் பயமாக இருக்கிறது. அதன் வயிறு ஏறக்குறைய அதன் கண் அளவுதான் என்பார்கள் மீன் வளர்ப்பவர்கள். சின்ன பெல்லட் (உருண்டைத் தீனி) இரண்டு அல்லது மூன்று, நாளைக்கு இரண்டு வேளை, அவ்வளவுதான். கண்ணாடிப் பக்கம் போனாலே பட்டினி கிடந்தது போல வாலை ஆட்டிக்கொண்டு வரும், அந்த நடிப்புக்கு மயங்கக்கூடாது. பூச்சிகளையும் கொசுப்புழுக்களையும் தின்று வாழும் மீன் என்பதால் கோல்டுஃபிஷ் தீனி அதற்குச் சரிப்படாது. வயிறு உப்பினால் ஒரு நாள் பட்டினி போடுங்கள்.

துணைக்கு இன்னொன்று என்று வாங்கிவராதீர்கள். இரண்டு ஆண்களை ஒன்றாக விட்டால் கடுமையாகச் சண்டையிடும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆணும் பெண்ணும் சேர்ந்தாலும் குஞ்சு எடுக்கும் நேரம் தவிர மற்றபடி கடியும் துரத்தலும்தான். மேலே நுரைக்கூடு கட்டினால் மீன் சந்தோஷமாக இருக்கிறது என்று கட்டுரையில் இருந்தது. அது ஆண் மீன் இனப்பெருக்கத்துக்குத் தயார் என்பதன் அடையாளம், கெட்ட தண்ணீரிலும் கட்டும், நல்ல ஆரோக்கியமான மீன் கட்டாமலும் இருக்கும்.

நீண்ட துடுப்பை இழுத்துக்கொண்டு வேகமான நீரோட்டத்தை எதிர்க்க அதனால் முடியாது, அதனால் மெதுவான ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது. கூரான பிளாஸ்டிக் செடி துடுப்பைக் கிழிக்கும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஸ்பாஞ்சை அந்த எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் கழுவினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.

துடுப்பு நைந்தால் உடனே மருந்து என்று எழுதியிருந்தீர்கள். முதலில் தண்ணீரை டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள், பல நேரம் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றினாலே துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். டெஸ்ட் கிட்டை எப்படிப் படிப்பது, எந்த எண் வந்தால் என்ன செய்வது என்று அதே பக்கத்தில் படங்களோடு ஒரு கட்டுரை போட்டால், புதிதாக மீன் வாங்கிய வாசகர்களுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்