யாருடைய உடம்பை வைத்து இந்தக் கணக்கு?

ஆசிரியருக்கு,

வணக்கம். ஆயுள் கூடுகிறது, எனவே ஓய்வு வயதையும் கூட்டுங்கள் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2020-ல் 58 என்பது 59 ஆனது. மறு ஆண்டே 60. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுள் 32-ஐ ஒட்டித்தான் இருந்தது, இன்று 70-ஐத் தொட்டுவிட்டது. (குழந்தை இறப்பு குறைந்ததும் இதற்குப் பெரிய காரணம்.) நாளை 90, 100 என்று வாழ்ந்தால், 60-ல் மாலை போட்டு அனுப்புவது கட்டுப்படியாகாது. சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் மேசை வேலை பார்த்தவன். 64-லும் கணக்கு எழுத முடிகிறது. எங்கள் தெருவிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 52 வயதுதான். செங்கல் சுமந்தே முட்டி தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்று போகிறார். அவரையும் 70 வரை உழைக்கச் சொல்வதா? ஓய்வு வயது என்று ஒன்று அவருக்கு எந்நாளும் இருந்ததில்லை, அது தனிக் கதை. பி.எஃப். பிடித்தம் உள்ள தனியார் ஊழியருக்கு 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். அன்றைய விலைவாசிக்கே அது மருந்துக்கடையோடு தீர்ந்துவிடும்.

அப்புறம், டி.என்.பி.எஸ்.சி. எழுதிவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள். எங்களைப் போன்றவர்கள் நாற்காலியை விடாவிட்டால் அவர்கள் எங்கே உட்காருவது? 60-ல் பதவியை விட்டு இறங்கி, விரும்பினால் வாரத்தில் மூன்று நாள் புதியவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கலாம். உடல் உழைப்பாளிகளுக்கு 55-லேயே ஓய்வூதியம் தரலாம். அடுத்த அரசாணைக்கு முன் இவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், மதுரை