ஆண்டறிக்கை 2024–25: கறிவேப்பிலையும் மருந்து எச்சமும்

தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, காரமடை வட்டாரத்துக் கறிவேப்பிலை விவசாயிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

குழுக் கூட்டங்கள் மாதாமாதம் நடந்தன. சந்தா பாக்கி வழக்கம்போல இருக்கிறது. கணக்கைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கொடுத்த நேரத்தில், தெளித்த பூச்சிமருந்து இலையில் தங்கிவிடுகிற எச்சத்தைப் பற்றி மட்டும் பேசிவிடுகிறேன்.

2015-ல் நம் காய்கறிகளில் மருந்து அதிகம் என்று கேரளா சொன்னபோது, டீக்கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். நம் அரசும் மறுத்தது. ஆனாலும் அங்கே நடந்த சோதனைகளில் கறிவேப்பிலையின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. ஐரோப்பாவும் இந்தியக் கறிவேப்பிலைக்குக் கூடுதல் எச்சச் சோதனை வைத்தது.

ஆடி மாதக் கூட்டத்துக்கு ஒரு டாக்டரை அழைத்திருந்தோம். புரோபெனோபாஸ், குளோர்பைரிபாஸ் வகை மருந்துகள் உடம்பில் என்ன செய்கின்றன என்று விளக்கினார். நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்புகிறது. வேலை முடிந்ததும் அதை அணைக்க ஒரு நொதி இருக்கிறது. இந்த மருந்து அந்த நொதியை முடக்கிவிடும், சுவிட்ச் போட்டபடியே நிற்கும். வேர்வை, எச்சில் ஊறுவது, கண்மணி சுருங்கிப் பார்வை மங்குவது எல்லாம் அதனால்தான். 'மருந்தடிக்க முதுகுல டேங்க் மாட்டின அன்னைக்கு ராத்திரி எனக்கு அப்படித்தானுங்க இருக்கும்' என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டில் சேர்வது இவ்வளவு அதிகமாக இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும் சேர்வதில்தான் கவலை. குளோர்பைரிபாஸ் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்ற அச்சத்தால் ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அதன் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. 'கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கிறோமே, அப்புறம் என்ன?' என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. இம்மருந்துகளில் பல எண்ணெயில் கரைபவை. இலையைத் தாளிப்பதே எண்ணெயில்தானே. பொடி, துவையல் என்றால் முழு இலையும் உள்ளே போகிறது. புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் மேலே ஒட்டியது குறையும். இமிடாகுளோபிரிட் போல சாற்றோடு ஏறுகிற மருந்து கழுவினால் போகாது.

சோதனை விஷயத்தில் தவறு என்னுடையது. தோட்டங்களில் இருந்து எடுத்த இலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, பஸ்ஸில் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் கழித்துத்தான் ஆய்வகத்துக்குப் போனேன். இலை வெந்துபோயிருந்தது, திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஐஸ் பெட்டியில் அன்றைக்கே கொடுக்க வேண்டுமாம். ஆக, நம் தோட்டத்து எச்ச அளவு என்று காட்ட ஒரு தாளும் இந்த ஆண்டு கையில் இல்லை.

2024 ஏப்ரலில், இந்தியாவில் பதிவு பெறாத மருந்துகளின் எச்ச வரம்பை மசாலா, மூலிகைகளுக்கு மட்டும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 ஆக்கினார்கள். 'இனிக் கவலையில்லை' என்று சிலர் பேசினார்கள். ஏற்றுமதிக்கு அது உதவாது, வாங்குகிற நாட்டின் அளவுதான் அளவு.

மருந்து கடைசியாக அடித்த நாளுக்கும் வெட்டுக்கும் நடுவே லேபிளில் போட்ட காத்திருப்பு நாள் தெரியாதவர் இங்கே குறைவு. விலை ஏறியதும் வியாபாரி வேனோடு வந்து நிற்கிறார், நாமும் வெட்டிவிடுகிறோம். தோட்டம் தோட்டமாகப் போனபோது ஒன்று கவனித்தேன். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், தனியாக ஒரு மரம் நிற்கும். இலையில் புழு தின்ற ஓட்டை இருக்கும். கேட்டால், 'அது வீட்டுக்குங்க, மருந்து அடிக்கறதில்லீங்க' என்பார்கள். என் வீட்டிலும் அப்படி ஒரு மரம் உண்டு.

வரும் ஆண்டுக்கு வேப்பெண்ணெய் மொத்தமாக வாங்கலாம் என்று குழு சொல்கிறது. தெளித்த தேதி, மருந்தின் பெயர், வெட்டிய தேதி எழுத ஆளுக்கொரு நோட்டு அடித்து வைத்திருக்கிறோம். போகும்போது மேஜையில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் பெட்டி வாங்கிய ரசீது பொருளாளரிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்