கொன்றையில் மூன்று நீளம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன்னிடமிருந்து ஒன்றும் வராமல் நாலு வியாழக்கிழமை போய்விட்டது. வேலை இருக்கும். ஆராய்ச்சி வழிகாட்டி என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை. அம்மாவையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

வறண்ட காட்டுப் பூக்களைப் பற்றி நீ எடுத்த குறிப்பு நூலோடு ஒத்துப்போகவில்லை என்றாயே, அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் பக்கம்தான் தப்பு என்று ஏன் நினைக்கிறாய்? எதை எடுத்தாய், எப்போது எடுத்தாய் என்று பார். காலையில் எடு. வெயில் ஏறி இதழ் துவண்ட பூவில் எண்ணி என்ன பிரயோசனம்?

ஆவாரையில் மகரந்தத்தாள் பத்து என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே. மேலே இருக்கும் மூன்றும் மலடு. மற்ற ஏழில் கீழே இருப்பவை பெரியவை. மகரந்தப் பை நீளவாக்கில் வெடிக்காது, நுனியில் துளைதான். பூவில் தேன் கிடையாது. வண்டு பையைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால்தான் தூள் கொட்டும். சூலகம் ஒரு பூவில் இடப்பக்கம் வளைந்திருக்கும், அதே செடியில் இன்னொரு பூவில் வலப்பக்கம். பூவை முகத்துக்கு நேரே பிடித்து இடம், வலம் என்று தனித்தனியாகக் குறி. அழுத்தி உலர்த்திய மாதிரியில் இதைத் தேடாதே, நசுங்கியதும் எது எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. ஒரு பூவை வைத்து எழுதவும் எழுதாதே. ஐந்து செடி, செடிக்குப் பத்துப் பூ.

விடத்தேர்க் கதிர் தொங்கும். மேல்பாதி இளஞ்சிவப்பு, நீள இழையோடு மலட்டுப் பூக்கள். கீழ்ப்பாதி மஞ்சள், இருபால் பூக்கள். மேலே மட்டும் கிள்ளினால் 'சூலகம் இல்லை' என்று எழுதிவைப்பாய். கள்ளி அதைவிட மோசம். ஒரே பூ மாதிரி இருக்கும் கிண்ணத்துக்குள் நடுவில் ஒரு பெண் பூ, சுற்றிலும் ஒற்றைத் தாளோடு ஆண் பூக்கள். லென்ஸில் பார்த்தால் தாளின் காம்பில் ஒரு கணு தெரியும். கணுவுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, அதாவது அது தனிப் பூ. எருக்கில் நடுத்தூணைச் சுற்றி ஐந்து கரும்புள்ளி. ஊசியால் ஒன்றைத் தூக்கினால் இரண்டு மகரந்தப் பொதி ஒரு ஜோடியாகச் சேர்ந்து வரும். முதல் தடவை பிய்ந்துபோகும், பரவாயில்லை.

புரசு இலையில்லாமல் பூக்கும். மரத்தில் எண் கட்டிவை. இலையைப் பிறகு அதே மரத்தில் எடு. பூவை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு, சீட்டையும் உள்ளேயே போடு. பென்சிலால் எழுது, மை கரைந்துவிடும். போன தடவையும் சொன்னேன்.

உன் கை சுத்தமான கை. நீ வரைந்ததெல்லாம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அவசரம்தான் உனக்கு, அத்தை மாதிரி.

அவசரம் என்கிறேன். கொன்றைப் பூவில் மூன்று தாளை மட்டும் நீளமாக வளைத்து வரைந்திருந்தாய். அழிக்கச் சொன்னது நான்தான். பரீட்சைக்குப் பத்தும் ஒரே அளவாக இருந்தால் போதும் என்றேன். கொன்றையில் மூன்று நீளம், நாலு நடுத்தரம், மூன்று குட்டை. நீ பார்த்தது சரி. அது எனக்கு அன்றைக்கே தெரியும்.

காலையில் எடு. நூலில் இருப்பதை எழுதாதே, நீ எண்ணியதை எழுதி அனுப்பு. எண்ணுவதையே விட்டுவிட்டாய் என்றால் அதையும் சொல். அதற்கு வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.

அப்பா