94 வயதிலும் கதை விவாதத்தில்

ஆசிரியருக்கு,

2023 டிசம்பரில் 101 வயதில் மறைந்த நார்மன் லியரைப் பலரும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் என்றே சொல்கிறார்கள். எனக்கு அவர் முதலில் எழுத்தாளர். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 52 முறை பறந்துவிட்டு, 1950-ல் டீன் மார்ட்டின், ஜெர்ரி லூயிஸ் ஜோடிக்கு நகைச்சுவை எழுத வந்தவர் அவர்.

பெரும்பெயர் கிடைத்தது 48 வயதில்தான், 1971-ல் வந்த 'ஆல் இன் தி ஃபேமிலி' தொடரால். ஏபிசி தொலைக்காட்சி இரண்டு முறை மாதிரிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. அதை ஒளிபரப்பிய சிபிஎஸ்கூட முதல் பகுதிக்கு முன் ஓர் எச்சரிக்கை வாசகம் போட்டது! இது ஒரு பிரிட்டிஷ் தொடரைத் தழுவியது. ஆனால் தொடரின் நாயகன் ஆர்ச்சி பங்கரின் எரிந்துவிழும் பேச்சு லியரின் அப்பாவுடையது. "மூச்சு விடாதே" என்ற பாணியில் ஆர்ச்சி மனைவியை அடக்குவாரே, அது லியர் தன் வீட்டில் கேட்டு வளர்ந்தது. வெறுப்பைப் பேசும் மனிதனையும் பாசத்தோடு எழுத முடிந்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் 'மாட்', 'தி ஜெஃபர்சன்ஸ்' தொடர்கள். 2017-ல் 'ஒன் டே அட் எ டைம்' கியூப வம்சாவளிக் குடும்பத்தின் கதையாகத் திரும்ப வந்தபோது நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர் லியர். வயது 94!

– பழைய வாசகர்