கரும்புச் சக்கைச் சோதனை மேசைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஹோவர்ட் கல்லூரி வளாகத்தில், குவாசூலு-நடால் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள் கரும்புச் சக்கையைச் சோதிக்க ஒரு மேசை அமைக்க வேண்டும். அதற்காக 240,000 ராண்ட் திரட்டுகிறோம்.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்குத்தான் வந்தார்கள். அதைச் சொல்லி உருக்கிப் பணம் கேட்கும் எண்ணம் இல்லை. 1949இல் தொடங்கிய சர்க்கரை ஆலை ஆய்வு நிறுவனம் இதே வளாகத்தில் இருக்கிறது. கரும்புப் பயிர் ஆய்வு நிலையம் மவுண்ட் எட்ஜ்கோமில். நாம் காவடிக்குப் போகும் அதே ஊர். ஆலைகளும் தொலைவில் இல்லை. வகுப்பும் ஆய்வும் தொழிலும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் அமைவது எளிதல்ல.

இருந்தும் நடுவில் ஓர் இடம் காலி. ஆசிரியருக்கும் கட்டடத்துக்கும் பல்கலைக்கழகம் செலவழிக்கிறது. ஆலையோ, சோதனையில் கிடைத்த நம்பும்படியான ஓர் எண் கைக்கு வந்த பிறகுதான் பணம் போடும்; அனுமதி பெற்ற ஆய்வுச் செலவில் 150 சதவீதத்தை வருமான வரிச் சட்டத்தின் 11டி பிரிவில் கழித்துக்கொள்ளவும் அதற்கு வழி உண்டு. அந்த முதல் எண்ணை எடுத்துக் கொடுக்கும் செலவைத்தான் யாரும் ஏற்பதில்லை.

ஆலையிலிருந்து வரும் சக்கையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் குறைந்தால் அதே சக்கையை எரித்துக் கொதிகலனில் கூடுதல் நீராவி எடுக்கலாம். ஆகவே எந்த யோசனைக்கும் முதல் சோதனை ஈரம்தான். பார்க்கச் சுலபம், கெடுப்பது அதைவிடச் சுலபம். குவியலின் மேற்புறம் காய்ந்திருக்கும், உள்ளே நனைந்திருக்கும். மேலே ஒரு பிடி அள்ளினால் கணக்கு தப்பு. பல இடங்களில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பிரிக்க வேண்டும். மாதிரியை அன்றே 105 டிகிரி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். பையில் கட்டிப் போட்டால் மிச்சமிருக்கும் சர்க்கரை புளித்துவிடும். காய்ந்ததும் குறைந்த எடைதான் ஈரம். அதைச் சூட்டோடு எடை போட்டால் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். வெளியே ஆறவைத்தாலோ டர்பன் காற்றின் ஈரத்தைச் சக்கை இழுத்துக்கொள்ளும். சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டர் (ஈரம் படாமல் ஆறவைக்கும் மூடிய கலம்) இல்லாமல் அடுப்பு மட்டும் வாங்குவது வீண் செலவு. பிறகு 575 டிகிரி உலையில் சாம்பல் சோதனை: வயல் மண் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதில் தெரியும்.

அடுப்பு, உலை, தராசு, டெசிகேட்டர், மூசைகள் (உலையில் மாதிரி வைக்கும் கிண்ணங்கள்) எல்லாம் சேர்த்து 130,000 ராண்ட். மின்வெட்டில் தராசும் கணினியும் நிற்காமலிருக்க இன்வெர்ட்டரும் பேட்டரியும் 45,000. அடுப்பை அதில் ஓட்டக் கூடாது, பேட்டரி தாங்காது. கரண்ட் போனால் அந்தச் சுற்றை மறுபடி தொடங்குவதுதான் வழி. மாதிரி எடுக்க ஆலைக்குப் போய்வர 25,000. மீதி 40,000 மூன்று ஆண்டுக்கான அளவுத்திருத்தத்துக்கும் (கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்ப்பது) பழுதுக்கும். இந்தக் கடைசித் தொகையை யாரும் விரும்பிக் கொடுப்பதில்லை. அது இல்லாமல்தான் பல ஆய்வகச் சாதனங்கள் மூலையில் கிடக்கின்றன.

கண்டுபிடிப்பு விற்றால் நமக்குப் பங்கு உண்டா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. பொதுப்பண ஆய்வுக்கான 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதல் பத்து லட்சம் ராண்ட் வருவாயில் குறைந்தது 20 சதவீதம் கண்டுபிடித்தவருக்குச் சேரும். ஆய்வின் முழுச் செலவையும், மறைமுகச் செலவு உட்பட, ஒரு நிறுவனமே ஏற்றால் அது அந்தச் சட்டத்துக்கு வெளியே போய்விடும். மாணவர்களுக்கு ஒரே நிபந்தனை: தற்காலிகக் காப்புரிமை விண்ணப்பம் போடும் முன் கண்காட்சியில் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் புதுமை போயிற்று, உரிமையும் போயிற்று.

பணத்தைப் பல்கலைக்கழக அறக்கட்டளைக் கணக்கிலேயே செலுத்துங்கள். குழு ரொக்கம் வாங்காது. வரிக் கழிவுக்கான 18ஏ ரசீதுக்குப் பெயர், அடையாள எண், வரி எண், முகவரி நான்கும் வேண்டும். வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை கழிவு கிடைக்கும். வரி ஆண்டு பிப்ரவரி கடைசி நாளோடு முடிவதால் அதற்குள் செலுத்துவது நல்லது. பழைய அடுப்பும் தராசும் தருவதாகச் சொன்னவர்களுக்கு நன்றி. அளவுத்திருத்தச் சான்றிதழ் இருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர், டர்பன்