அந்தப் பதினோரு நாள் மழை

தாண்டிக்குடி,
தை 18

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். காபிப் பழம் பறிப்பு முடியப் போகிறது, மிளகில் இன்னும் கை வைக்கவில்லை. அம்மாவுக்குப் பனியில் முழங்கால் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது, வெயில் ஏறினால் குறையும். லக்னோ குளிரைத் தொலைக்காட்சியில் காட்டும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிப் புலம்புகிறாள். கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள் பாப்பா.

உன் மர வளைய ஆராய்ச்சிக்கு நீ கேட்ட மழை நோட்டுகளை, எஸ்டேட்டில் நான் தினமும் மழையை அளந்து எழுதியவற்றை, தேடி எடுத்துவிட்டேன். பரண் மேல் தகரப் பெட்டியில்தான் இருந்தன. 1985 ஏப்ரலில் தொடங்கி 2016 டிசம்பர் வரை மொத்தம் பதினாறு நோட்டு. இரண்டு நோட்டில் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, எண்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஸ்டேட் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்ததும் இதையெல்லாம் எடைக்குப் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை, கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். யாருக்கு உதவும் என்று அன்றைக்குத் தெரியாது.

அனுப்புவதற்கு முன்னால் உன்னிடம் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். அதில் ஒன்று போனில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்தபோது நீ சந்தன வேம்பில் துளை போட்டாயே, அது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காபிப் பழத்தின் தோலை உரிக்கிற பல்பர் பக்கத்து ஓடைக்கரையில் இருக்கிற பெரிய மரத்தைத்தான் எடுப்பாய் என்று நினைத்தேன். நீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறை மேட்டுக்கு ஏறினாய். ஓடைக்கரை மரத்துக்குப் பஞ்சமே தெரியாதுப்பா, எல்லா வருஷமும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கும், மழையை நம்பி நிற்கிற மரம்தான் வேண்டும் என்றாய். முப்பது வருஷம் அந்த மேட்டைக் கடந்து நடந்திருக்கிறேன். அங்கே நிற்கிற மரத்தை அப்படி நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஆசாரியின் துரப்பணம் மாதிரி ஒரு கருவியை நெஞ்சு உயரத்தில் வைத்து நீ முறுக்கினாய். ஒவ்வொரு முறுக்குக்கும் மரம் கீச்சென்று முனகியது. எனக்குப் பொறுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வெளியே வந்தது பென்சிலைவிட மெல்லிய ஒரு குச்சி, 5 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதை ஸ்ட்ராவுக்குள் போட்டுப் பெயரும் தேதியும் எழுதினாய். வீட்டில் இன்னொரு துண்டைப் பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் ஒட்டி, முரட்டு உப்புத்தாளில் தொடங்கி நைஸ் தாள் வரை தேய்த்தாய். தேய்க்கத் தேய்க்கக் கோடுகள் எழுந்து வந்தன. லென்சு வைத்து 112 வரை எண்ணினாய், இது தோராயம், லேபில்தான் சரியாகத் தெரியும் என்றாய்.

அன்றைக்கு நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். குளிரும் வறட்சியுமான மாதங்களில் இந்த மரம் இலை உதிர்த்துத் தூங்குகிறது. துளிர்க்கும்போது பெரிய பெரிய துளைகளோடு புது மரம் வைக்கிறது. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் விழுகிற கோடுதான் ஒரு வருஷம். மேலே கொடைக்கானல் சோலைகளில் இருக்கிற மரங்களில் பெரும்பாலானவை வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்பவை, அவற்றில் அந்தக் கோடு தெளிவாக விழுவதில்லை. அதனால்தான் தேக்கையும் சந்தன வேம்பையும் தேடுகிறீர்கள். ஒரு மரத்தை மட்டும் நம்பாமல் பல மரங்களின் குறுகல் வளையங்களை அருகருகே வைத்து, எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் குறுகியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். மரத்துக்கு இளமையில் அகல வளையமும் முதுமையில் குறுகிய வளையமும் வருவது இயல்பு என்பதால் அதையும் கழித்துவிடுகிறீர்கள். சரிதானே?

நம் ஊரில் உனக்கு ஒரு தொல்லை உண்டு. இங்கே ஒரு மழைக்காலம் இல்லை. சித்திரையில் காபியைப் பூக்க வைக்கிற பூ மழை, நடுவில் தென்மேற்குப் பருவத்தின் தூறல், அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் அடை மழை. கோடையில் நன்றாகப் பெய்து, ஆடி ஆவணி காய்ந்து, மறுபடி கொட்டினால் மரம் ஏமாந்துபோய் ஒரே வருஷத்தில் இரண்டு கோடு போட்டுவிடும் என்றாயே, பொய் வளையம் என்று. என் நோட்டில் அப்படிப்பட்ட வருஷங்கள் நாலைந்து இருக்கின்றன. பக்க ஓரத்தில் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். மாத மொத்தத்தை மட்டும் பார்க்காதே. எந்தத் தேதியில் பெய்தது என்று பார்த்தால்தான் பிடிபடும்.

நீ கேரளத் தேக்கைப் பற்றிச் சொன்னதை இங்கே பலரிடம் சொல்லிவிட்டேன். புனே ஆராய்ச்சியாளர்கள் கோத்த அந்த வளைய வரிசை 1481-இல் தொடங்கி 2003 வரை, 523 வருஷம். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கு 17 வருஷம் முன்னாலிருந்து பெய்த மழையின் கணக்கு. பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ வந்து பருவமழை பொய்த்த வருஷங்களில் வளையம் குறுகியிருக்கிறது என்பதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மரங்களைச் சேர்த்து 2010-இல் வறட்சி வரைபடம் போட்டார்களே, அதில் 1876 முதல் 1878 வரையிலான வறட்சியும் தெரிகிறது என்றாய். அதுதான் நம் பாட்டி சொல்லும் தாது வருஷப் பஞ்சம். நம் குடும்பம் சமவெளியை விட்டு மலையேறியது அந்தப் பஞ்சத்தில்தான் என்று அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். புளியங்கொட்டையை இடித்துத் தின்ற கதையை எத்தனை முறை சொல்லியிருப்பார். கேட்ட கதையை மரமும் சொல்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப் போனேன், நினைவிருக்கிறதா? அதைக் கட்டும் யோசனை வலுத்ததும் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான். சூரியனைக் கவனித்தால் பருவமழை ஏன் பொய்க்கிறது என்று தெரியும் என்று நம்பினார்கள், 1899-இல் நிறுவினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் டக்ளஸ் என்ற வானியலாளர் சூரியப் புள்ளிகளின் 11 வருஷச் சுழற்சியைத் தேடித்தான் மர வளையங்களை எண்ண ஆரம்பித்தார் என்று நீ சொன்னாய். ஒருவர் இந்த மலை மேல் நின்று சூரியனைப் பார்க்கிறார், இன்னொருவர் எங்கோ அரிசோனாவில் அடிமரத்தைப் பார்க்கிறார், இரண்டு பேருக்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். எனக்கு இதை நினைக்க நினைக்க ஆச்சரியம் தீரவில்லை.

டக்ளஸ் பேச்சு வந்ததால் இன்னொன்று. உயிருள்ள மரங்களின் வளைய வரிசைக்கும் பழைய வீட்டு மரங்களின் வளைய வரிசைக்கும் நடுவில் இடைவெளி விழுந்து, 1929-இல் கிடைத்த ஒரு கருகிய உத்தரக் கட்டை இரண்டையும் இணைத்தது என்றாய் அல்லவா? பாறை மேட்டு மரம் தாது வருஷத்துக்கு எட்டாது. ஆனால் தாத்தாவின் பழைய வீட்டைப் பிரித்தபோது எடுத்த உத்தரம் ஒன்று மாட்டுக்கொட்டகையில் கிடக்கிறது. அதுவும் சந்தன வேம்புதான், கொல்லை மரத்தையே வெட்டிப் போட்டது என்று தாத்தா சொல்வார். ஒரு பக்கம் பட்டை ஓரம்கூடச் செதுக்காமல் அப்படியே இருக்கிறது. அறுக்கச் சொல்லவா? உன் கைடிடம் கேட்டு எழுது. எந்த இடத்தில், எவ்வளவு தடிமனில் வட்டு வேண்டும் என்றும் எழுது. அதுவரை யாரையும் தொட விட மாட்டேன்.

இனி நோட்டைப் பற்றி. நம் மழைமானியின் வாய் 5 அங்குலம், தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம். காலை 8.30-க்கு அளவு எடுத்து அன்றைய தேதியிலேயே எழுதுவேன். அதாவது 10-ஆம் தேதிக்கு நேரே இருப்பதில் பெரும்பகுதி 9-ஆம் தேதி பெய்த மழை. 1990 முடிய அங்குலமும் சென்ட்டும் (அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு), அப்புறம் மில்லிமீட்டர். ஓர் அங்குலம் 25.4 என்று மாற்றிக்கொள். 2004-லிருந்து மானிக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் ஓக் தானாக முளைத்து மளமளவென்று வளர்ந்தது. 2009-இல் மானியை ஸ்டோர் முற்றத்துக்கு மாற்றினோம். மரம் மறைத்ததால் மாற்றுவதற்கு முந்திய இரண்டு மூன்று வருஷம், அதுவும் காற்றோடு பெய்த மழையில், அளவு குறைந்திருக்கலாம். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கேயே இருக்கிறது, அவர்களிடமும் கணக்கு கேட்டு ஒப்பிட்டுக்கொள்.

2016-ஐச் சந்தேகமில்லாமல் நம்பலாம். அந்த வருஷ வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுக்கே 62 சதவீதம் குறைவு. நான் காலையில் போய் மானிக்குள் இருக்கிற பாட்டிலைத் திறப்பேன், உலர்ந்து கிடக்கும். கார்த்திகையில் மிளகுக்கொடி மரத்திலேயே கருகியது. உன் மரங்கள் எல்லாவற்றிலும் 2016 குறுகியிருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கஜா புயல் சாய்த்த மரங்களில் நீ வட்டு எடுத்தாயே, கடைசி வளையம் 2018 என்று அவற்றில் உறுதியாகத் தெரியும். அங்கிருந்து உள்நோக்கி எண்ணினால் கிடைத்துவிடும்.

இப்போது சொல்ல வந்தது. 1997 நவம்பர் 7 முதல் 17 வரை பதினோரு நாள். அந்தப் பக்கத்தில் இருக்கும் எண்கள் நான் அளந்தவை அல்ல.

நீ பிறந்த நாட்கள் அவை. 6-ஆம் தேதி காலை அளவு எடுத்துவிட்டு அம்மாவைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போனேன். பிரசவம் சிரமப்பட்டது. நீ மூன்றாம் நாள்தான் பிறந்தாய், அம்மா கண் திறக்க அதற்கு மேல் ஒரு நாள். அப்புறம் பெரும்பாறைக்குக் கீழே மண் சரிந்து பஸ் நின்றது. அளவுக் குவளை ஆபீஸ் அலமாரியில், சாவி என் சட்டைப் பையில். யாரிடமாவது கொடுத்துவிட்டு வர வேண்டும் என்று தோன்றவே இல்லை. 17-ஆம் தேதி மாலை மேலே வந்து பார்த்தால் பாட்டில் நிறைந்து, வெளி டப்பாவும் நிறைந்து, தரையில் வழிந்திருந்தது. மொத்தம் எவ்வளவு என்றுகூடச் சொல்ல வழியில்லை.

அளவு எடுக்கவில்லை என்று எழுதியிருக்க வேண்டும். மாதக் கடைசியில் கணக்கு போக வேண்டும், வேலை போய்விடுமோ என்ற பயம், கையில் புதுக் குழந்தை. வாட்ச்மேனிடம் எந்த எந்த நாள் பலமாகப் பெய்தது என்று கேட்டேன், ஓடையின் தடத்தைப் பார்த்தேன், பதினோரு எண்களை எழுதினேன். பார்ப்பவருக்கு உண்மை போலத் தெரிய வேண்டும் என்று ஒரு நாளுக்குச் சைபர்கூடப் போட்டேன். அந்தச் சைபர்தான் இத்தனை வருஷமாக என்னை உறுத்துகிறது. மற்றதையாவது கேட்டறிந்து எழுதினேன் என்று சொல்லலாம். அது ஏமாற்றுவதற்காகவே போட்டது.

யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவுக்கும் தெரியாது. பொங்கலுக்கு நீ, பாதி வருஷங்களை வைத்து மழைக்கும் வளையத்துக்கும் தொடர்பு கண்டுபிடிப்பேன், மீதிப் பாதியில் அது பொருந்துகிறதா என்று சோதிப்பேன், அப்புறம்தான் நோட்டுக்கு முந்திய காலத்து மழையைக் கணக்கிடுவேன் என்றாய். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பிறப்பதற்கு முந்திய மழையையெல்லாம் என் நோட்டை வைத்துத்தான் எடை போடப் போகிறாய். நோட்டில் பொய் இருந்தால் மரம் பொய் சொன்னது போல ஆகிவிடும். அது ஒரு குற்றமும் செய்யவில்லை.

அந்தப் பதினோரு நாளையும் அடித்துவிட்டு, வெற்றிடம் என்றே வை. 1997 நவம்பர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளாதே. உன் கைடிடமும் மறைக்காதே, அப்பா எழுதியதாகவே சொல். மற்ற 31 வருஷத்தில் இப்படி வேறு இடம் இல்லை. காய்ச்சலோடு போயும் அளந்திருக்கிறேன். ஆள் வைத்து எடுத்த நாட்களில் யார் எடுத்தது என்று பெயர் எழுதியிருக்கிறேன்.

நோட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து ஒரு படி வீட்டில் வைத்துவிட்டு, அசலை வெள்ளிக்கிழமை வத்தலக்குண்டு போகும்போது விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். மழை படாமல் இரண்டு பிளாஸ்டிக் உறை. அம்மா காபித்தூள் வைக்கச் சொன்னாள், வாசனை ஏறிவிடும் என்று தனிப் பார்சலாகப் போடுகிறேன்.

பாறை மேட்டு மரத்தை நேற்றுப் போய்ப் பார்த்தேன். துளை போட்ட இடத்தில் பிசின் கட்டி ஆறியிருக்கிறது. இலை முழுக்க உதிர்த்து நிற்கிறது, இன்னும் சில வாரத்தில் துளிர்க்கும். 1997 வளையத்தை அளந்ததும் எவ்வளவு அகலம் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா