‘எளிய முறை’ என்று எழுதியவருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் இளம் ஆராய்ச்சியாளர்களுக்காக நடந்த செல் சிகிச்சைக் கருத்தரங்கு பற்றிச் செய்தி போட்டதற்கு நன்றி. விளக்கேற்றியவர், பொன்னாடை போர்த்தியவர், போர்த்திக்கொண்டவர், நன்றி சொன்னவர் என ஒருவர் விடாமல் பெயர் வந்திருக்கிறது. கட்டுரை வாசித்த பிள்ளைகளில் ஒருவர் பெயரும் இல்லை. அது வழக்கம்தான், போகட்டும். பொறுக்க முடியாதது கார்-டி சிகிச்சை பற்றிய இந்த வாக்கியம்: “நோயாளியின் ரத்தத்தை எடுத்து, ஸ்டெம் செல்லைச் சுத்தம் செய்து, மீண்டும் ஏற்றும் எளிய முறை.”

கார்-டி என்பது நோயாளியின் டி செல்லை எடுத்து, புற்றுநோயை இனங்கண்டு தாக்கும்படி மரபணு மாற்றித் திரும்ப ஏற்றும் சிகிச்சை. அதில் வேலை செய்வது டி செல், அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணு. வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. அதிலும் ‘எளிய’வாம்! ஆத்தங்குடிக் கல்லையே அச்சிலிருந்து எடுத்த கையோடு யாரும் தரையில் பதிப்பதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல.

நோயாளியை மூன்று நான்கு மணி நேரம் அபெரிசிஸ் கருவியோடு படுக்கவைத்து, வெள்ளணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மிச்ச ரத்தத்தை உடம்புக்கே திருப்ப வேண்டும். அதிலிருந்து டி செல்லைப் பிரித்து, அதன் மேலிருக்கும் சிடி3, சிடி28 என்ற அடையாளங்களைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் ஒட்டிய நுண்மணிகளால் தூண்டிவிட்டு, பெருகும் திறன் நீக்கிய லென்டிவைரஸ் மூலம் புதிய மரபணுவை உள்ளே அனுப்ப வேண்டும். பிறகு 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடில் ஒரு வாரம், பத்து நாள் வளர்ப்பு. பல சுற்று கீமோ பார்த்த உடம்பிலிருந்து வந்த செல் சில நேரம் பெருகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிடும். பாக்டீரியா, பூஞ்சை, மைக்கோபிளாஸ்மா, எண்டோடாக்சின் என்று வரிசையாகச் சோதனை. ஒன்றில் தவறினாலும் மொத்தப் பையும் வீண். மறுபடி செல் எடுத்து வளர்க்கும்வரை நோய் காத்திருக்குமா?

‘சுத்தம்’ என்ற சொல்லுக்கும் ஒரு பதில் உண்டு. 2018இல் வெளியான ஒரு மருத்துவ அறிக்கையின்படி, டி செல்களோடு தப்பி வந்த ஒரே ஒரு ரத்தப்புற்று செல்லுக்குள்ளும் அந்த மரபணு போய்விட்டது. அந்தச் செல் தன் மேலிருந்த, சிகிச்சை தேடிப் பிடிக்கும் சிடி19 அடையாளத்தைத் தானே மூடிக்கொண்டு, சிகிச்சைக்குச் சிக்காமல் பெருகி, நோயைத் திரும்பக் கொண்டுவந்தது.

வளர்த்தது போதாது, உறையவைக்கவும் வேண்டும். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ என்ற திரவம் கலந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் குளிர்விக்கிறோம். அவசரப்பட்டால் செல்லுக்குள் பனிப்படிகம் முளைக்கும், மிக மெதுவாகப் போனால் நீர் வற்றிச் சுருங்கும். அப்புறம் திரவ நைட்ரஜன் ஆவியில், மைனஸ் 150க்கும் கீழே. மாட்டுக்குச் சினை ஊசி போட வருபவர் கேனில் இருக்கும் அதே நைட்ரஜன்தான். மூடியே வைத்திருந்தாலும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். கோல் விட்டு அளவு பார்க்க ஒரு வாரம் மறந்தால் உள்ளே இருப்பவை செத்த செல்கள்.

ஏற்றிய பிறகும் நிம்மதி இல்லை. காய்ச்சல் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும், அதை அடக்கும் டோசிலிசுமாப் மருந்து கைவசம் இருக்க வேண்டும். மூளை பாதிக்கிறதா என்று பார்க்க நாள்தோறும் ஆண்டு, மாதம், ஊர் கேட்பார்கள், நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துச் சொல்லச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். நேற்று நேராக இருந்த கையெழுத்து இன்று கோணினால் மருத்துவர் ஓடி வருவார். அந்த வார்டில் ஒரு வாக்கியத்துக்கு இருக்கும் மரியாதை தங்கள் அலுவலகத்திலும் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஐஐடி மும்பையும் டாடா நினைவு மருத்துவமனையும் உழைத்து உருவான நெக்ஸ்கார்19 என்ற நம் நாட்டுக் கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. கோடிகளில் இருந்த செலவு லட்சங்களுக்கு இறங்கிய செய்தி அது. தாங்கள் ஒதுக்கியது கால் பத்தி. ஆனால் மூட்டுவலி, சர்க்கரை, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ‘ஸ்டெம் செல் ஊசி’ என்ற விளம்பரத்துக்கு மட்டும் அரைப் பக்கம், அதுவும் வண்ணத்தில். ரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட எலும்பு மஜ்ஜை (ஸ்டெம் செல்) மாற்று தவிர, ஆய்வுச் சோதனைக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதல். விளம்பரப் பிரிவுக்கு அது எட்டவில்லை போலும்.

கருத்தரங்கு நடத்தியவர்களையும் சும்மா விடுவதற்கில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துச் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்த வரலாற்றை மூன்று பேர் மூன்று முறை சொன்னார்கள். சொல்லத்தக்க வரலாறுதான். ஆனால் அந்த நேரத்தைப் பிள்ளைகளுக்குத் தந்த பன்னிரண்டு நிமிடத்தில் அல்லவா கழித்தார்கள்? கடைசியில் பேசியவளுக்கு ஐந்து நிமிடம். உறைநிலையிலிருந்து எடுத்த செல்லில் பாதி ஏன் செத்தது என்று காட்ட வந்தவள். தோற்ற சோதனையைத் துணிந்து சொல்ல வந்தவளுக்கு மணி அடித்து உட்காரச் சொன்னார்கள். சுவரொட்டிகளை நிறுத்திய இடம் கைகழுவும் தொட்டிக்குப் பக்கம். ஆராய்ச்சி உதவித்தொகை காகிதத்தில் மாதம் 37,000 ரூபாய், கைக்கு வருவது எந்த மாதம் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைகள்தான் பதிவுக் கட்டணம் கட்டிக் கேட்க வந்தார்கள்.

இவ்வளவுக்கும் கேட்பது இரண்டு வரித் திருத்தம். “அது ஸ்டெம் செல் அல்ல, டி செல். முறை எளியதன்று.” இடம் இல்லையென்றால் ‘நாளைய மின்தடை’ அறிவிப்புக்குக் கீழே போட்டுவிடுங்கள். செல் வளரும் இன்குபேட்டரைக் காப்பாற்ற தங்கள் நாளிதழில் நாங்கள் தவறாமல் பார்க்கும் பகுதி அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
செல் வளர்ப்பு ஆய்வக வாசகர்கள்,
காரைக்குடி.